இரண்டு தரம் வெல்ல வேண்டும்

கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு நாலு பகுதி என்பது எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. ஒரு பகுதிக்குப் பன்னிரண்டு நிமிடம். ஆனால் அது பன்னிரண்டு நிமிடத்தில் ஒருநாளும் முடிந்ததில்லை. விசில் ஊதினால் மணிக்கூட்டை நிறுத்துவார்கள், பந்து வெளியே போனால் நிறுத்துவார்கள். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நீங்கள் தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வரலாம். ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப் போவதும் அப்படித்தான் நின்று நின்று போகும். அவசரப்படாதீர்கள்.

கீர்த்திகாப் பிள்ளை, அந்தத் தண்ணீரைக் கிட்ட எடுத்து வையுங்கள். இரண்டு பேருடைய பேச்சையும் மொழிபெயர்த்து ஒரு தொண்டையால் பேசுகிறீர்கள், காய்ந்துவிடும். இந்தத் தம்பி பொலிசாக இருந்தாலும் நல்ல அமைதியான பிள்ளை. அவருக்கும் சொல்லுங்கள், கேட்டதற்கெல்லாம் பதில் வரும். எனக்குப் பக்கத்தில் இருக்கிற சட்டத்தரணி வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்ன இரண்டாவது ஆள் அவர். முதலாவது ஆள் என் கணவர் செல்வரத்தினம். அவர் காலமாகி ஆறு கிழமை ஆகிறது.

மேசையில் ஒரு படம் வைத்திருக்கிறீர்கள். வெள்ளைப் பலகை, அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சதுரம், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதிலிருந்து புறப்படுகிற ஒரு கோடு. இது என்ன என்று தம்பி கேட்டார். அதற்கு வருகிறேன். முதலில் நான் ஆர் என்று தெரிய வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கதை சொல்ல எனக்கு ஒருவரும் பழக்கவில்லை. இங்கே மிச்சம் என்கிற ஊரில் ஒரு தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைகளில் தமிழ் முதியோர் கூடுகிறார்கள். சுப்பிரமணியன் அண்ணை நடத்துகிறார். கதிரையில் இருந்தபடி கைகாலை ஆட்டுவோம், தேநீர் குடிப்போம். பதினொரு மணிக்கு என் கதை. ஒரு கதையை நான் ஆறு புதன், ஏழு புதன் என்று இழுப்பேன். முப்பத்திரண்டு பேர் வருவார்கள். காதுக்குக் கருவி போட்டவர்கள் முன்வரிசை. அதில் பலருக்கு வீட்டில் மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், நின்று ஒரு சொல்லுக் கேட்கத்தான் ஆளில்லை. நான் தொண்டையைச் செருமினால் பிஸ்கட் கடிக்கிற சத்தமும் நின்றுவிடும். அவர்களைக் காக்க வைக்க எனக்கு மனம் வராது. பாவங்கள், அவர்களுக்கு என்னை விட்டால் யார்?

என் கணவருக்குக் கதை பிடிக்காது. கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். தபால் பிரிக்கிற வேலையில் இருபத்தாறு வருஷம் ஒரு ஷிப்ட் தவறவிடவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாற்பத்தொரு வருஷத்தில் நான் சொன்ன ஒரு கதையையாவது அவர் முடிவுவரை கேட்டதில்லை. நான் தொடங்கினால் ரெலிவிஷன் சத்தத்தைக் கூட்டுவார். "உந்த அளப்பை ஆர் இருந்து கேக்கினம்?" என்பார். முப்பத்திரண்டு பேர் கேட்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னேன். "அவைக்கு எழும்பி ஓட ஏலாது, அதுதான்" என்றார். நல்ல பகிடி. நானும் சிரித்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதம், ஒரு புதன்கிழமை அவருக்குப் பாரிசவாதம் வந்தது. நான் மண்டபத்துக்குப் போய்விட்டு இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தேன். அவர் குசினித் தரையில் கிடந்தார். அம்புலன்ஸ்காரருக்கு அப்படித்தான் சொன்னேன். நேரத்தோடு கொண்டு வந்திருந்தால் கொடுக்க ஒரு மருந்து இருந்தது என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். கலாவதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, நீங்கள் அண்டைக்கு எங்களுக்காக வராமல் விட்டிருக்கலாமே" என்றாள். அவள்தான் முன்வரிசையில் முதல் கதிரை.

அவருக்கு வலப்பக்கம் போயிற்று. பேச்சுப் போயிற்று. விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது. பேச்சுப் பயிற்சி தருகிற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து ஒரு டின் மாவைக் காட்டினாள். தேநீரோ தண்ணீரோ, எதுவானாலும் அந்த மாவைப் போட்டுக் கூழ் மாதிரித் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும். தண்ணியாகக் கொடுத்தால் அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குள் போய்விடும், நுரையீரல் பழுதாகும் என்று படம் கீறி விளங்கப்படுத்தினாள். விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஒருதரம் கேட்டால் நான் அப்படியே திருப்பிச் சொல்லுவேன். அவள் தன்னுடைய தாளில் ஒரு சரி போட்டாள்.

இரண்டு வருஷம் நான் அந்த மாவை ஒருநேரமும் தவறவிடவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் இருபத்தொரு மாதத்தில் அவர் ஒரு சத்தம் போடவில்லை. புதன்கிழமைகளில் பக்கத்து வீட்டு மனுசி வந்து அவரோடு இருந்தாள். அவளுக்கு முழங்கால் ஏலாமல் போக, கவுன்சிலில் இருந்து அவரைப் பராமரிக்க மரிவிக்கை அனுப்பினார்கள். புதனும் வெள்ளியும், பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை.

மரிவிக் பிலிப்பைன்ஸ்காரி. நாற்பது வயதிருக்கும், கட்டையான உருவம், பச்சை நிற ஓட்டச் சப்பாத்து. வந்த இரண்டாம் நாளே என்னிடம் கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்களுடைய தமிழில் சொல்கிறேன். "அன்டி, பதினொண்டரைக்கு எங்கட ஊர் மட்ச். ரெலிவிஷனிலை போடட்டோ? அங்கிளைப் பாக்கிற வேலை ஒண்டும் குறையாது."

அங்கே மாலை ஏழரை மணி, எங்களுக்குப் பகல் பதினொன்றரை. அவர்களுடைய பெரிய லீக்கில் ஊர்களுக்கு அணி இல்லையாம். கம்பனிகளுக்குத்தான் அணி. மரிவிக்கின் தமையன் ஒரு பற்றறித் தொழிற்சாலையில் வேலை. அதனால் அவள் அந்தப் பற்றறிக் கம்பனியின் அணி. சான்தெல்மோ என்று பெயர். அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். சதுப்பு நிலத்தில் தானாக மிதந்து திரிகிற நெருப்புருண்டையாம், செத்தவர்களுடைய ஆவி என்று அங்கே நம்புவார்களாம். எங்களுடைய கொள்ளிவாய்ப் பேய்தான். பற்றறிக்கு வைக்கிற பெயரைப் பாருங்கள்.

கார்த்திகையில் பருவம் தொடங்கியது. பன்னிரண்டு அணிகள். சான்தெல்மோ முதல் இரண்டு ஆட்டமும் தோற்றது. மூன்றாவது ஒரு வெள்ளிக்கிழமை. நான் அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சான்தெல்மோவில் டோடோங் என்று ஒரு வயது போன ஆட்டக்காரன், முப்பத்தொன்பது வயது, முழங்காலில் பட்டி. அவன் எம்பியபோது ஒருவன் இடுப்பில் இடித்தான். நடுவர் பார்க்காத மாதிரி நின்றார்.

"பௌல்" என்றார் என் கணவர்.

நடுவர் ஊதியிருக்க வேண்டிய பிழையை அவர் தெளிவாகச் சொன்னார். கஞ்சி என் கையில் சிந்தியது. மரிவிக் எழும்பித் துள்ளினாள். "அன்டி, கதைச்சிட்டார். கோச் கதைச்சிட்டார்." அன்றிலிருந்து அவருக்கு அவள் வைத்த பெயர் கோச். அவர் இளமையில் யாழ்ப்பாணத்தில் கூடைப்பந்து ஆடியவர் என்பது எனக்குத் தெரியும். கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை ஆறடி ஓரங்குலம் என்றார்கள், அதோடு ஒட்டி வந்த செய்தி அது. பிறகு நான் விசாரிக்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இருபத்தொரு மாதம் நான் ஊட்டினேன், துடைத்தேன், தேவாரம் பாடினேன். ஒரு 'ம்' வரவில்லை. ஆரோ ஒருத்தன் ஊதாத விசிலுக்கு வாய் திறந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்று மட்டும் யோசித்தேன்: முதல் சொல் வந்தால் இரண்டாவது வரும்.

வந்தது. பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். எந்த வழியால் வருகிறதோ அந்த வழியால் வரட்டும், ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள் என்றாள். ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற சான்தெல்மோ ஆறாவதில் வென்றது. அந்த நேரம் நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஏழாவது ஆட்டத்தில் நான் வந்து சோபாவில் இருந்தேன், தோற்றார்கள். எட்டாவதில் நான் மண்டபத்தில், வென்றார்கள். மரிவிக் கணக்கு முடித்துவிட்டாள். நான் அறைக்குள் இருந்தால் சான்தெல்மோவுக்குச் சரிவராது.

"அன்டி, கோவிக்காதேங்கோ. பின்னுக்கு நிக்கிறம். குசினிக்குப் போறீங்களோ?"

போவேன். என் கணவரும் இடக்கையைத் தூக்கிக் காட்டுவார், போ என்று. பகிடியாகத்தான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் குசினியில் நிற்பேன். எங்களுடைய குசினி சின்னது, அலுமாரிக்கும் அடுப்புக்கும் இடையில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கத்தான் இடம். நான் எங்கே நின்றாலும் அவர் விழுந்து கிடந்த தரை ஓட்டின் மேல்தான் நிற்க வேண்டும். இந்தப் பருவத்தில் சான்தெல்மோ பெற்ற வெற்றிகளில் முக்கால்வாசி நான் அந்த ஓட்டில் நின்றோ மண்டபத்தில் இருந்தோ பெற்றுக் கொடுத்தவை.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரன் உண்டு. இம்போர்ட் என்பார்கள். சான்தெல்மோவின் இம்போர்ட் கணுக்காலை உடைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டான், வேறொருவன் வந்தான். "ஆடாட்டி அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள், அன்டி. நானும் இம்போர்ட்தான்" என்று மரிவிக் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருந்தது எனக்குப் புதினம்.

மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு அவள் அவருக்குக் கொடுத்ததுதான் இந்தப் பலகை. பயிற்சியாளர்கள் ஆட்டக்காரருக்கு வழி காட்டுகிற பலகை. எங்களுடைய ஆள் வட்டம். எதிரணி ஆள் பெருக்கல் குறி. ஆள் ஓடுகிற வழிக்கு முழுக்கோடு, பந்து போகிற வழிக்குப் புள்ளிக்கோடு. இடக்கையால் முதலில் கோணல் மாணலாகக் கீறினார். தையிலே அவர் கீறுவதைப் பார்த்து மரிவிக், "கோச், இதை மணிலாவுக்கு அனுப்புவம்" என்று போனில் படம் எடுத்து வைக்கத் தொடங்கினாள். எல்லாவற்றையும் எடுத்தாள். நானும் வாசிக்கப் பழகினேன். ஒருவரும் பழக்கவில்லை, நான் எதையும் பார்த்தே பழகுகிறவள்.

இப்போது ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சான்தெல்மோ தட்டுத்தடுமாறி எட்டாம் இடத்தில் வந்து அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. எட்டாவது, முதலாவதோடு மோத வேண்டும். ஆனால் முதலாவதாக வந்தவனுக்கு ஒரு சலுகை உண்டு. அவன் ஒருதரம் வென்றால் போதும். எட்டாவது அவனை இரண்டு தரம் வெல்ல வேண்டும். முதல்தரம் அடித்து விழுத்தினாலும் அவன் எழும்பி வந்து இன்னொருதரம் நிற்பான். அந்த முதல் அடிக்கு அப்போது ஒரு பெறுமதியும் இல்லை.

மரிவிக் இதை அநியாயம் என்றாள். எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை. வாழ்க்கையில் மேலே இருக்கிறவர்களுக்கு அப்படித்தானே.

சான்தெல்மோ முதலாவது அணியை இரண்டு தரமும் வென்றது. அவர் அன்றைக்கு ஒரு முழு வசனம் பேசினார். "டோடோங் நல்லா ஆடினவன்." பயிற்சிப் பெண் கோடைக்குள் பாதிப் பேச்சாவது திரும்பும் என்றாள். மண்டபத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். சுப்பிரமணியன் அண்ணை, "பிள்ளை கனகாம்பிகை, அடுத்த வருஷம் அவரையும் கூட்டிக்கொண்டு வா. விழுந்த கதையை அவற்ற வாயாலை கேப்பம்" என்றார்.

அந்த வாரம் நான் சொன்ன கதை நன்றாக வரவில்லை. இரண்டு இடத்தில் ஆட்களின் பெயரை மாற்றிச் சொன்னேன். அவர்கள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவு நல்லவர்கள்.

அரையிறுதியும் வென்று சான்தெல்மோ இறுதிக்குப் போனது. ஏழு ஆட்டம், நாலை முதலில் வெல்கிறவனுக்குக் கிண்ணம். ஐந்தாவது ஆட்டம் புதன்கிழமை. நான் மண்டபத்தால் வந்தபோது சான்தெல்மோ தோற்று இரண்டுக்கு மூன்று என்று பின்னுக்கு நின்றது. மரிவிக் அதைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்தாள்.

"அன்டி, கோச் புது ஆட்டம் ஒண்டு கீறியிருக்கிறார். மட்ச் முடிஞ்சாப்பிறகும் விடேல்லை. மூண்டு தரம் அழிச்சு அழிச்சுத் திரும்பக் கீறினவர். இது சான்தெல்மோன்ர இல்லை. இந்தச் சதுரம் என்ன? கூடைப்பந்திலை சதுரம் இல்லையே."

பார்த்தேன். வட்டத்திலிருந்து ஓடுகிற கோடு ஒன்றும் இல்லை, அது கிடந்தது. அதற்குக் கீழே சதுரம். பெருக்கல் குறி வட்டத்துக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு பலகையின் விளிம்புவரை போகிறது. விளிம்பில் ஒரு மணிக்கூடு, பத்தைத் தாண்டிய முள். பிறகு அதே பெருக்கல் குறி திரும்பி வருகிறது. இன்னொரு மணிக்கூடு, இரண்டரை. திரும்பி வந்த பெருக்கல் குறியின் கையில் சதுரம் இருக்கிறது. வட்டத்தின் கீழே இல்லை.

"நடுவர் மேசையாக்கும்" என்றேன்.

அவர் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு நான் எந்த அணி என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

தம்பி, இந்தப் படத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இல்லை. ஆகவே நான்தான் வாசிக்க வேண்டும். அந்த மாசிமாதப் புதன்கிழமை அவர் விழுந்தது நான் போன பிறகு அல்ல. பத்து மணிக்கு. நான் சேலை உடுத்து, பையையும் எடுத்துவிட்டேன். தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனவர் அலுமாரியைப் பிடித்தபடி சரிந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண் என்னைத்தான் பார்த்தது. அன்றைக்கு ஏழாவது புதன். ஆறு புதனாகச் சொல்லி வந்த கதைக்கு முடிவு சொல்ல வேண்டிய நாள். முப்பத்திரண்டு பேரும் வந்து இருந்திருப்பார்கள். அம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது வர, கேள்வி கேட்க, ஆசுபத்திரிக்குப் போக, கதை போய்விடும். அடுத்த கிழமைக்குள் அவர்களில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? அந்த வயது அப்படி.

நான் இரக்கமில்லாதவள் அல்ல. சோபாவில் கிடந்த சதுரத் தலையணையை எடுத்து வந்து அவருடைய தலைக்குக் கீழே வைத்தேன். போர்வையால் போர்த்தினேன். "வந்திடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். கதை அன்றைக்கு எவ்வளவு நன்றாக வந்தது என்று கலாவதியைக் கேட்டுப் பாருங்கள். முடிந்த பிறகும் ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. வீட்டில் இருக்கிற என் கணவருக்கு என்று அவள் சோறு கட்டித் தந்தாள். அதையும் வாங்கிக்கொண்டு ஆறுதலாக வந்தேன். அவர் விழித்தபடியே கிடந்தார். அம்புலன்ஸைக் கூப்பிட முன் தலையணையையும் போர்வையையும் எடுத்துவிட்டேன். விழுந்து தனியே கிடந்த மனிதனுடைய தலைக்குக் கீழே தலையணை எப்படி வந்தது என்று கேட்பார்கள் அல்லவா?

பிள்ளை, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். தம்பிக்கு மிச்சத்தையும் சொல்லுங்கள், அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஆறாவது ஆட்டம். குசினிக்குப் போகவில்லை, அறைக்குள்ளேயே இருந்தேன். மரிவிக் கெஞ்சினாள். "அன்டி, இண்டைக்கு மட்டும்." நான் அசையவில்லை. இருந்தும் சான்தெல்மோ வென்றது, மூன்றுக்கு மூன்று. மூன்றாம் பகுதியில் ஒருதரம் அவர் "பௌல்" என்றார். பந்து அப்போது ஆட்டத்திலேயே இல்லை. மரிவிக் சிரித்தாள். "விசில் ஊதேல்லையே, கோச்." அவர் ரெலிவிஷனைப் பார்த்துச் சொல்லவில்லை.

போகும்போது அவள் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே சொன்னாள். பலகைப் படத்தைப் பயிற்சிப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டாளாம். அது ஆட்டம் இல்லை, வீடு போல இருக்கிறது என்று அந்தப் பெண் பதில் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வருகிறாள், குசினி, கதவு, மனைவி என்று படங்கள் உள்ள ஒரு கருவியோடு. தொட்டால் அது சொல்லைச் சொல்லுமாம். "புதன்கிழமை கடைசி மட்ச். கோச் அதுக்குள்ளை எல்லாம் சொல்லுவார், பாருங்கோ அன்டி."

எல்லாம் சொல்லிவிட்டால், அடுத்த புதன் நான் தொண்டையைச் செரும, முன்வரிசையில் ஆர் இருப்பார்கள்?

சனிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். மோர்டனில் ஏறினால் ஒரே ரயில். அபிஷேகப் பால் கேட்டேன், மூடி போட்ட செம்பில் நிறையத் தந்தார்கள். வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஒரு துளி சிந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைத் துடைத்து, வெள்ளைச் சேட் போட்டு, திருநீறு பூசி, நிமிர்த்தி இருத்தினேன். மா டின் எதிரே தட்டில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆசுபத்திரியில் முடிந்தது. நுரையீரல் காய்ச்சல் என்றார்கள்.

மறுநாள் புதன். செத்தவீட்டுக்காரி மண்டபத்துக்குப் போகக்கூடாதே. அவர்கள் வந்தார்கள். முப்பத்திரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள், மாடிப்படியிலும் இருந்தார்கள். என்ன நடந்தது அக்கா என்று கலாவதி கேட்டாள். சொன்னேன். கடைசியாக முருகனுடைய பாலைக் கொடுத்தேன், பறவைக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வாங்கினார் என்று சொன்னேன். அழாத ஆள் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் மூன்று தரம் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாம் தரம் பாலை வாங்குகிற இடத்தில் நின்றபோது, மரிவிக் பின்னாலிருந்து மெல்ல வந்து, அவருடைய படத்தடியில் குனிந்தாள். "கோச், வெண்டிட்டம்" என்றாள். தொண்ணூற்றெட்டுக்குத் தொண்ணூற்றைந்து. டோடோங் கடைசிப் பந்தைப் போட்டானாம்.

கதை நடுவில் கதைப்பது எனக்குப் பிடிக்காது. கலாவதி அவளுக்குப் பால் விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். மரிவிக் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பாலோ? மாப் போட்டோ, அன்டி?" என்று கேட்டாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் மாவைச் சரியாகப் போடாததால்தான் இப்படி ஆனது என்று கவுன்சிலில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் விடாமல் உங்களிடம் வந்தாள், போனில் இருந்த படங்களோடு.

கீர்த்திகாப் பிள்ளை, போன தடவை நீங்கள் தம்பிக்கு ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. முப்பத்தாறு வருஷம் இந்த நாட்டில் இருக்கிறேன். எங்கட ஆக்கள் கோயில் பாலைப் பால் என்று நினைக்கிறதில்லை, அதற்கு மாப் போட வேண்டும் என்று அந்தப் பாவம் மனுசிக்குத் தோன்றியே இராது என்றீர்கள். தம்பி தலையை ஆட்டினார். அறியாமல் நடந்தது என்று எழுதி மூடப் பார்த்தீர்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள். ஆனால் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று எழுத நான் விடமாட்டேன். அது பிழையான கதை. மரிவிக்கின் வேலையையும் அந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

தலையணை முதல்தரம். அது போதவில்லை, எழும்பி வந்தார். பால் இரண்டாந்தரம். மாவை நான் மறக்கவில்லை. டின்னைத் திறக்காமல் விட்டேன். பறவைக் குஞ்சு மாதிரி என்றேனே, அதுவும் அழகுக்குச் சொன்னது. அவர் பாலுக்கு வாய் திறக்கவில்லை. என்னிடம் ஏதோ சொல்லத்தான் திறந்தார். முதல் எழுத்தை வாய் பிடித்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. நான் அப்போது ஊற்றினேன்.

என்ன சொல்ல வந்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாற்பத்தொரு வருஷம் அவர் என்னைக் கேட்கவில்லை. ஒருநாள் நான் அவரைக் கேட்கவில்லை.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதானே. செத்தவீட்டுத் துடக்குக் கழிந்துவிட்டது, நாளைக்குப் பதினொரு மணிக்கு அவர்கள் வந்து இருந்துவிடுவார்கள். அதற்குள் என்னைக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள் பிள்ளை. இதையும் முதலிலிருந்து அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், என் கதை முடியுமுன் அவர்கள் ஒருவர்கூட எழும்பிப் போக மாட்டார்கள்.